வருஷக்கணக்கா காத்திருந்த 'அடுத்த பாகம்'... வந்ததும் ஏன் கடுப்பாகிறோம்?

ஏப்ரல் 15-ல் இருந்து ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் கல்மண்டபத்துக்காரங்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். தடைக்காலம் முடிஞ்சு கடலுக்குப் போன விசைப்படகுகள் கரை திரும்பும்போது, கூடையோட நிற்கிற எல்லாரோட மனசுலயும் வஞ்சிரம்தான் ஓடும். ஆனா, வலையில என்ன சிக்குச்சோ அதுதானே கரைக்கு வரும்? சிலர் சந்தோஷமா வாங்கிட்டுப் போவாங்க. சிலர், 'இதுக்குத்தானா ரெண்டு மாசம் காத்திருந்தோம்'னு முணுமுணுப்பாங்க.

61 நாளுக்கே இப்படின்னா, ஒரு கதையோட அடுத்த புத்தகத்துக்காக 17 வருஷம் காத்திருந்தவங்க என்ன சொல்லியிருப்பாங்க?

பிரிட்டிஷ் எழுத்தாளர் பிலிப் புல்மேனின் வாசகர்களுக்கு நடந்தது இதுதான். அவருடைய 'ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்' வரிசையின் முதல் புத்தகம் 1995-ல் வந்தது, மூன்றாவது 2000-ல். ஒவ்வொரு மனுஷனோட ஆன்மாவும் ஒரு விலங்கு உருவத்துல கூடவே நடந்து வரும் உலகம் அது. நாயகி லைரா, சின்னப் பொண்ணு. 'அவளுக்கு அப்புறம் என்ன ஆச்சு?' என்று கேட்டுக்கிட்டே இருந்தவங்களுக்கு 2017-ல் 'லா பெல் சாவேஜ்' கிடைச்சது. திறந்து பார்த்தா, லைரா அதுல கைக்குழந்தை! கதை முன்னாடி போறதுக்குப் பதிலா பின்னாடி போயிருந்தது. 2019-ல் அடுத்த புத்தகம் வந்தப்போ லைராவுக்கு வயசு 20. தன் ஆன்மாவோடயே சண்டை போட்டு, பேசாம இருக்கிறா. கடைசிப் புத்தகமான 'தி ரோஸ் ஃபீல்ட்' வந்தது 2025 அக்டோபரில். 1995-ல் 11 வயசுல முதல் புத்தகத்தைப் படிச்ச ஒரு குழந்தைக்கு, கதை முடியும்போது வயசு 41.

'அருமை', 'இது எங்க லைராவே இல்ல', 'இது குழந்தைங்களுக்கான புத்தகமா?' என்று ஒவ்வொரு முறையும் வாசகர்கள் பிரிஞ்சு நின்னாங்க. ஏதோ ஒரு எழுத்தாளருக்கு மட்டும் நடந்த விஷயம் இது இல்ல. ரொம்ப நாள் காத்திருந்து வரும் எந்தக் கதைக்கும் இப்படித்தான் நடக்குது. ஏன்?

கல்கிக்கே வந்த கம்ப்ளெய்ன்ட்

இன்டர்நெட் வந்த பிறகுதான் வாசகர்கள் இப்படி ஆயிட்டாங்கன்னு நினைச்சா, அது தப்பு. 1950 அக்டோபரில் 'கல்கி' வார இதழில் ஆரம்பிச்ச 'பொன்னியின் செல்வன்', 1954-ல் முடிஞ்சது. மூன்றரை வருஷத்துக்கும் மேல வாராவாரம் காத்திருந்து படிச்ச வாசகர்களில் பலருக்குத் திருப்தி இல்ல. 'கதை திடீர்னு முடிஞ்சுடுச்சே, அந்தப் பாத்திரம் என்ன ஆச்சு, இந்தப் பாத்திரம் என்ன ஆச்சு?' என்று கேள்விகள் குவிஞ்சன. கல்கி அதுக்காகவே ஒரு முடிவுரை எழுதி, வாசகர்களோட கேள்விகளுக்குப் பதில் சொன்னார். இன்னிக்கும் புத்தகத்தோட கடைசியில் அதைப் படிக்கலாம். அதே வருஷம் டிசம்பர் 5-ம் தேதி அவர் மறைந்துவிட்டார். அப்புறம் விக்கிரமன், 'நந்திபுரத்து நாயகி' மூலமா அந்தக் கதையைத் தொடர்ந்தார்.

அதாவது, லெட்டர் போட்டு அஞ்சு நாள் கழிச்சுக் கோபப்பட்ட காலத்துலயும் கோபம் இதேதான். இதுக்குப் பின்னாடி மூணு காரணம் இருக்கு.

காரணம் 1: காத்திருந்தப்போ நாமே ஒரு கதை எழுதிட்டோம்

ஒரு கதை பாதியில் நின்னா, மனசு சும்மா இருக்காது. மீதியை அதுவே எழுத ஆரம்பிச்சுடும். இவங்க ரெண்டு பேரும் சேரணும், அந்த வில்லன் உண்மையில் நல்லவனா இருக்கணும், செத்துப்போனவர் திரும்பி வரணும். நண்பர்களோட பேசிப் பேசி, 'தியரி' மேல தியரி அடுக்கி, ஒரு முழுப் பாகத்தையே நாம மனசுக்குள்ள எழுதி முடிச்சிருப்போம். அதில் போர் அடிக்கிற அத்தியாயம் ஒண்ணுகூட இருக்காது. ஏன்னா, நமக்குப் பிடிச்ச சீன் மட்டும்தான் அதுல இருக்கு.

அப்புறம் ஒருநாள் நிஜப் புத்தகம் வருது. 600 பக்கம் உழைச்சு எழுதப்பட்ட அந்தப் புத்தகம், நம்ம மனசுல இருக்கும் அந்தக் குறையே இல்லாத புத்தகத்தோட மோதணும். ஜெயிக்கிறது கஷ்டம்.

'பொன்னியின் செல்வன் 2' படம் 2023 ஏப்ரல் 28-ல் வந்தப்போ தியேட்டர் வாசலில் கேட்ட விவாதம் ஞாபகம் இருக்கா? நாவலைப் படிச்சவங்களுக்குப் படத்துல மணிமேகலையே இல்லைங்கிறது பெரிய வருத்தம். நாவலைப் படிக்காத ஃப்ரெண்டுக்கு அப்படி ஒரு ஆள் இருந்ததே தெரியாது. அவர் ஜாலியா பாப்கார்னை முடிச்சுட்டு வெளியே வந்தார். படம் ஒண்ணுதான். மனசுல ஏற்கெனவே எழுதி வெச்சிருந்த கதைதான் ஆளுக்கு ஆள் வேற.

காரணம் 2: நமக்கு வயசாகிடுச்சு

ஹாரி பாட்டரின் நாலாவது புத்தகம் 2000 ஜூலையில் வந்தது. அஞ்சாவது வந்தது 2003 ஜூன் 21-ல். கிட்டத்தட்ட மூணு வருஷம். எட்டாம் வகுப்புல நாலாவதைப் படிச்சவங்க, அஞ்சாவது வரும்போது பதினொண்ணாம் வகுப்பு. கதைக்குள்ள ஹாரிக்கு ஒரே ஒரு வயசுதான் கூடியிருந்தது. 15 வயசு ஹாரி அந்தப் புத்தகம் முழுக்க எல்லார் மேலயும் எரிஞ்சு விழுவான். 'இவனுக்கு என்ன ஆச்சு?' என்று கடுப்பானவங்க நிறைய பேர். ஆனா, அதே 15 வயசுல இருந்தவங்களுக்கு, 'நம்ம வீட்டுல நான் கத்துற மாதிரியே இருக்கே' என்று தோணியிருக்கும்.

இதுதான் கவனிக்க வேண்டியது. தொடர்கதையின் அடுத்த பாகத்தைக் கேட்கும்போது, நாம உண்மையில் கேட்பது முதல் பாகத்தைப் படிச்ச அந்த வயசைத்தான். மொட்டை மாடியில், பவர்கட்டில், டார்ச் வெளிச்சத்துல படிச்ச அந்த லீவு நாளை எந்த எழுத்தாளரும் திருப்பித் தர முடியாது. தரலைங்கிற ஏமாற்றத்தைப் புத்தகத்து மேல இறக்கி வெச்சுடுறோம்.

காரணம் 3: வேதாளமும் வேணும், புது மரமும் வேணும்

1947-ல் ஆரம்பிச்ச 'அம்புலிமாமா'வுல விக்கிரமாதித்தன் கதை மாசாமாசம் எப்படி முடியும்? வேதாளம் திரும்பவும் முருங்கை மரம் ஏறிடும். அது தெரிஞ்சேதான் குழந்தைங்க அடுத்த இதழுக்குக் காத்திருந்தாங்க. பழக்கமானது திரும்பத் திரும்ப வர்றதுல ஒரு சுகம் இருக்கு. ஆனா, அதே கதையை நாவலா நீட்டினா, 'அரைச்ச மாவையே அரைக்கிறாங்க' என்று சொல்லிடுவோம்.

மாத்தி எழுதினா? 2016 ஜூலை 31-ல் 'ஹாரி பாட்டர் அண்ட் தி கர்ஸ்டு சைல்டு' வந்தது. ஏழாவது புத்தகம் வந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. ஆசையா வாங்கிப் பிரிச்சவங்களில் பலருக்கு ஷாக். அது நாவலே இல்ல, லண்டன் மேடையில் நடிக்கப்பட்ட நாடகத்தின் வசனப் பிரதி. அதை எழுதியவர் ஜாக் தோர்ன். கதையில்தான் ரௌலிங்குக்குப் பங்கு இருந்தது. மேடையில் பார்த்தவங்க பலர் கொண்டாடினாங்க, தாளில் படிச்ச பலர் நொந்துபோனாங்க.

சரி, கத்திட்டுப் போறோம். யாருக்கு நஷ்டம்?

எழுத்தாளருக்கு ஓரளவு. புகழ்பெற்றவங்க தாங்கிப்பாங்க. உண்மையான நஷ்டம், இன்னும் முதல் பாகத்தையே தொடாத ஒரு 12 வயசுப் பையனுக்கோ பொண்ணுக்கோதான். வடசென்னையில் பல வீடுகளில் ஒரு கதைப் புத்தகம் வாங்குறதுன்னா அது ஒரு தனிச் செலவு. டியூஷன் ஃபீஸ், நோட்டு, கைடு எல்லாம் முடிஞ்ச பிறகுதான் அதுக்கு இடம். அந்த நேரத்துல அண்ணனோட ஸ்டேட்டஸ்ல, 'செம மொக்கை, காசு வேஸ்ட்' என்று ஒரு வரி ஓடினா போதும். அந்தப் புத்தகம் அந்த வீட்டுக்குள்ள வராது. கடைசிப் பாகம் பிடிக்கலைங்கிற கோபம், முதல் பாகத்தையும் சேர்த்து மூடிடும்.

தமிழில் மட்டும் படிக்கிறவங்களோட காத்திருப்பு இன்னும் நீளம். ஹாரி பாட்டர் ஏழு புத்தகமும் 2007 ஜூலையில் இங்கிலீஷில் முடிஞ்சுபோச்சு. அதுக்குச் சில வருஷம் கழிச்சுதான் முதல் பாகமே தமிழில் 'ஹாரி பாட்டரும் ரசவாதக் கல்லும்' என்று வந்தது. உலகமே முடிவைப் பேசி ஓய்ஞ்ச பிறகு இவங்க ஆரம்பிக்கிறாங்க. ஒரு வரிசையோட முதல் பாகம் தமிழில் விற்றால்தான், பதிப்பாளர் அடுத்த பாகத்துக்கு உரிமை வாங்கவும் மொழிபெயர்ப்பாளருக்குப் பணம் கொடுக்கவும் துணிவார். 'ஓசி பி.டி.எஃப் இருக்கா?' என்று கேட்கும் ஒவ்வொரு மெசேஜும் அந்த அடுத்த பாகத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடுது.

அப்போ எப்படிப் படிக்கிறது?

* முதல் பாகத்தைத் திரும்பப் படிங்க: நம்ம ஞாபகத்துல இருக்கிறது பாதி கதை, மீதி ஏக்கம். திரும்பப் படிச்சா, அதுலயும் இழுவையான அத்தியாயங்கள் இருந்தது தெரியும். எதிர்பார்ப்பு தானா தரைக்கு வரும்.

* இது என்ன வகைன்னு முதல்ல பாருங்க: நாவலா, நாடகமா, முன்கதையா, யார் எழுதினது? பின்னட்டையைப் படிச்சாலே பாதி ஏமாற்றம் குறையும்.

* ஒரு வாரம் கழிச்சு விமர்சனம் எழுதுங்க: முடிச்ச ராத்திரி எழுதுறது புத்தகத்தைப் பற்றி இருக்காது, நம்ம மூடைப் பற்றித்தான் இருக்கும்.

* 'மொக்கை'யோட நிறுத்தாதீங்க: எது பிடிக்கல, யாருக்குப் பிடிக்கும்னு ரெண்டு வரி சேருங்க. 'எனக்கு ஸ்லோவா இருந்தது, ஆனா டிராகன் பிடிச்சவங்க படிக்கலாம்' என்பது ஒரு சின்னப் பையனுக்குக் கதவைத் திறந்து வைக்கும்.

* செலவு பயமா இருந்தா, கிளை நூலகம் இருக்கு: சின்ன வைப்புத்தொகை கட்டி உறுப்பினர் ஆகலாம். சில வருஷமா ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ மைதானத்தில் புத்தகக் காட்சி நடக்குது. வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினா, மாறாம நேரா நந்தனம்.

* தமிழில் புதுசா வர்ற சிறார் கதைகளுக்கும் சத்தம் போடுங்க: கீழடி நாகரிகத்தோட காலத்துக்கே ஒரு பையனைக் கூட்டிப்போகும் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' 2023-ல் பால சாகித்ய புரஸ்கார் வாங்கியது. 2025-ல் அதே விருது விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா'வுக்கு. 'அடுத்தது எப்போ?' என்று இவங்களைக் கேட்கும் குரல் கூடினாத்தான், நம்ம ஊர்க் குழந்தைகளும் தங்கள் மொழியில் ஒரு கதைக்காகக் காத்திருக்க முடியும்.

கடைசியா ஒரு சின்ன ரிக்வெஸ்ட். அடுத்த பாகம் கைக்கு வந்ததும் விடிய விடிய படிங்க, அழுங்க, சண்டை போடுங்க, எல்லாம் ஓகே. ஆனா, பக்கத்துல உட்கார்ந்திருக்கும் வீட்டுக் கடைக்குட்டி அப்போதான் முதல் பாகத்தின் நாற்பதாவது பக்கத்துல இருக்கும். கிளைமாக்ஸை மட்டும் கொஞ்சம் மெதுவா பேசுங்க!