தாமிரம் காந்தமாகும் எல்லை

மீக்கடத்தியில் எலக்ட்ரான்கள் இணை சேர்ந்து ஓடுகின்றன. ஒவ்வோர் இணையிலும் தற்சுழற்சிகள் எதிரெதிர். ஃபெர்ரோ காந்தமோ எல்லாத் தற்சுழற்சிகளையும் ஒரே பக்கம் திருப்பப் பார்க்கும். ஒன்றையொன்று பொறுக்காத இந்த இரண்டையும் அணுவோடு அணு ஒட்டவைத்தால் என்ன ஆகும்?

விடை தேட, முதலில் சீரான மென்படலம் வேண்டும். அதற்கு வழி பிறந்தது நியூஜெர்சியில். 93 கெல்வினிலேயே மீக்கடத்தியாகும் இட்ரியம்–பேரியம்–தாமிர ஆக்சைடை ஹூஸ்டனின் பால் சூவும் அலபாமாவின் மா-குவென் வூவும் 1987-இல் அறிவித்தார்கள். அதே ஆண்டில், ரெட் பாங்க் நகரின் பெல்கோர் ஆய்வகத்தில் டி. வெங்கடேசன் குழு, ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து, லேசர் துடிப்புகளால் அதை ஆவியாக்கிப் படலமாகப் படியவைத்தது. 1994-இல் மரே ஹில் பெல் ஆய்வகத்தார், ராமமூர்த்தி ரமேஷுடன் சேர்ந்து, ஃபெர்ரோ காந்தமான லாந்தனம்–கால்சியம்–மாங்கனீஸ் ஆக்சைடு படலத்தின் மின்தடையைக் காந்தப்புலம் ஆயிரம் மடங்கு மாற்றுவதைக் காட்டினார்கள்.

இந்த இரு ஆக்சைடுகளும் சுமார் 10 நானோமீட்டர் தடிமனில் மாறிமாறி அடுக்கப்பட்ட படலங்களை, பின்னாளில் ரட்கர்ஸ் பேராசிரியரான ஜாக் சகாலியன் குழு 2006-இல் ஆராய்ந்தது. எக்ஸ் கதிரால் ஒவ்வொரு தனிமத்தையும் தனித்தனியே நோக்கினார்கள். மீக்கடத்தியின் ஓரத்துத் தாமிர அணுக்கள் காந்தத்தன்மை பெற்றிருந்தன. மாங்கனீசைப் பின்பற்றி அல்ல, அதற்கு நேர் எதிர்த்திசையில்! இந்த எதிர்த்திசைதான் உண்மையான வியப்பு. நடுவில் உள்ள ஆக்சிஜன் வழியே மாங்கனீசும் தாமிரமும் பிணைவதே இதற்குக் காரணம். எல்லையில் தாமிரத்தின் எலக்ட்ரான் ஆர்பிட்டால்களே மாறி அமைகின்றன என்பதை 2007-இல் அதே குழு கண்டது.