கழிமுகத்தில் கொடுவாக் குஞ்சு விடலாமா?

எண்ணூர்க் கழிமுகத்தில் மீன்வளம் குன்றிவிட்டதை யாரும் மறுப்பதற்கில்லை. அனல் மின் நிலையங்களின் சாம்பல் போதாதென்று, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எண்ணெயும் பரவியது. பொரிப்பகத்தில் கொடுவாக் குஞ்சு விலைக்குக் கிடைக்கும்போது, சில ஆயிரங்களை வாங்கிக் கொசஸ்தலை ஆற்றில் விட்டால் என்ன என்ற எண்ணம் எழுவது இயற்கை. எண்ணம் நல்லதுதான். ஆனால் குஞ்சின் பிறப்பை விசாரிக்காமல் விட்டால், எஞ்சியுள்ள மீனுக்கே கேடு வரலாம்.

சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1997-ல் கொடுவாவைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்வித்து வெற்றி கண்டது. ஒரு பெரிய தாய்மீன் பல லட்சம் முட்டைகள் இடும். வளர்ப்போருக்கு இது வரப்பிரசாதம். ஆற்றில் விடும்போதோ இதுவே சிக்கலாகிறது. நாம் வாங்கும் 10,000 குஞ்சுகளும் இரண்டு மூன்று தாய்மீன்களின் பிள்ளைகளாக இருக்கக்கூடும். ஊர் மந்தை முழுதும் ஒரே பொலிகாளையின் கன்றுகளானால் நாளடைவில் என்ன நேரும் என்பது விவசாயிகளுக்குத் தெரியும். மீனுக்கும் அதே கதிதான்.

மேலும், தொட்டியில் பிழைப்பது குருணைத் தீவனத்தை விரைந்து தின்னப் பழகும் குஞ்சு. ஆற்றில் அது இரை தேட வேண்டும், எதிரிக்குத் தப்ப வேண்டும். தலைமுறை தலைமுறையாகத் தொட்டிக்கென்றே தேர்ந்தெடுத்த மீனிடம் இத்திறன்கள் குறைந்துவிடுகின்றன. நார்வேயில் கூண்டுகளிலிருந்து தப்பிய சால்மன் மீன்கள் ஆறுகளில் ஏறி, காட்டு மீன்களோடு கலந்துவிட்டன. ஆராய்ந்த ஆறுகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் இக்கலப்பின் தடயம் உண்டு. கலந்தால் என்ன நஷ்டம்? அயர்லாந்தில் நடத்தி 2003-ல் வெளியிட்ட ஆய்வில், வளர்ப்பு மீன் வழிவந்தவை ஆற்றில் முட்டையிலிருந்து மீண்டும் முட்டையிடும் வரை பிழைத்தது, காட்டு மீனோடு ஒப்பிட்டால் வெறும் 2 சதவீதமே.

கொடுவாவும் எல்லாக் கடலிலும் ஒரே மீன் அல்ல. 2016-ல் வெளியான மரபணு ஆய்வு இந்தியப் பகுதி, தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியப் பகுதி என மூன்று பிரிவுகளைக் காட்டியது. எனவே தாய்லாந்து வழிவந்த குஞ்சு, பார்வைக்கு எவ்வளவு கொழுகொழுவென்று இருந்தாலும், நம் கழிமுகத்துக்கு ஆகாது.

விடுவதென்றே தீர்மானித்தால், இக்கடலிலேயே பிடித்த தாய்மீன்களின் குஞ்சுதானா, எத்தனை ஆண், எத்தனை பெண் பயன்படுத்தினார்கள் என்று பொரிப்பகத்தில் கேளுங்கள். ஆணும் பெண்ணும் சரிபாதியாகக் குறைந்தது 50 மீன்களாவது வேண்டும் என்பது மரபியலார் கணக்கு. ஆண்டுதோறும் அதே தாய்மீன்களையே பயன்படுத்துவதும் கூடாது.

குஞ்சு விடுவதைவிட மலிவான வழியொன்றும் உண்டு. கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் சென்றபின் பெண்ணாக மாறுவது. ஆகவே முகத்துவாரத்தில் சிக்கும் 5 கிலோ மீன் பெரும்பாலும் தாயே. நல்ல விலை போகும் மீனை விட மனம் வராதுதான். இருந்தாலும் முட்டையிடும் பருவத்தில் அதைத் திரும்ப விட்டால், செலவின்றி இம்மண்ணின் குஞ்சே கிடைக்கும்.

பழவேற்காடு வரையுள்ள குளத்துக்காரர்களுக்கும் கூண்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. விற்பனை அளவை எட்டிய மீனை அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் பிடித்துவிடுங்கள். மற்றவற்றுக்குக் கரையை உயர்த்தி, கிழிந்த வலையை மாற்றுங்கள். மிஞ்சிய குஞ்சுகளைப் பக்கிங்காம் கால்வாயில் கொட்டாமல் பக்கத்துக் குளத்துக்காரருக்குக் கொடுத்துவிடலாம்.