வேலை வீட்டில், வழக்கு எந்த ஊரில்?

கி.பி. 921-இல் பராந்தக சோழன் காலத்தில் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் பொறிக்கப்பட்ட குடவோலைத் தேர்தல் விதிகளின்படி, ஊராளும் வாரியத்தில் அமர விரும்பியவன் கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலத்தோடு சொந்த மனையில் கட்டிய வீடும் உடையவனாய் இருத்தல் வேண்டும். அன்று பதவிக்குத் தகுதியாயிருந்த வீடு இன்று வேலைத்தலமாகிவிட்டது; அதே ஊரில் தம் வீட்டு முன்னறையில் மடிக்கணினியோடு உட்கார்ந்து பெங்களூர்க் கம்பெனிக்கு உழைக்கும் பட்டதாரி ஒருவரை, ஒரு மின்னஞ்சலால் உத்தியோகத்திலிருந்து நீக்கிவிட்டால், அவர் எந்த நியாயஸ்தலத்தின் படியேறுவது?

பிரதிவாதி தொழில் நடத்தும் இடத்தில் மட்டுமன்றி, வழக்கின் காரணம் ஒரு பகுதியேனும் தோன்றிய இடத்திலும் வழக்குத் தொடுக்கலாம் என்கிறது சிவில் நடைமுறைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு. உழைத்ததும் நீக்கக் கடிதம் பெற்றதும் உத்திரமேரூரில்தான் என்று அவர் வாதிக்க இடமுண்டு. ஆனால், யாரும் படிக்காமலே கையெழுத்திடும் நியமனக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், வியாஜ்யங்கள் யாவும் பெங்களூர்க் கோர்ட்டுகளுக்கே உரியவை என்ற ஷரத்து இருந்துவிட்டால், அந்த வாதம் தளர்ந்துவிடும். எச்.டி.எஃப்.சி. வங்கி நீக்கிய இருவர் பாட்னாவிலும் டில்லியிலும் தொடுத்த வழக்குகளை, ஒப்பந்தத்தில் கண்டபடி மும்பைக்கே போகவேண்டும் என்று 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் தீர்த்தது. ஒரு தரப்பு சிங்கமும் மறு தரப்பு முயலுமாக இருப்பினும் ஒப்பந்தம் ஒப்பந்தமே என்பது தீர்ப்பின் போக்கு. முயலுக்கு ஒரே ஆறுதல், இயல்பாகவே அதிகாரமில்லாத ஊருக்கு ஷரத்தினால் அதிகாரம் உண்டாக்க முடியாது என்பதே.

தொழிலாளர் தகராறுகளின் வழி சற்று வேறு. கிருஷ்ணகிரியில் தலைமை அலுவலகமும் பெங்களூரில் கிளையும் கொண்டிருந்த ஸ்ரீரங்கவிலாஸ் மோட்டார்ஸ், பெங்களூர் ஃபோர்மன் ஒருவரைக் கிருஷ்ணகிரிக்கு மாற்றியதில் எழுந்த வழக்கில், தனி ஸ்தாபனமாகிய கிளையில் அவர் வேலை செய்தமையால் தகராறு பெங்களூரில்தான் பிறந்தது என்று 1967-இல் சுப்ரீம் கோர்ட் கூறியது. புதுச்சேரிக் கிளை மூடப்பட்டு வேலையிழந்த கார்வாரே பாலியெஸ்டர் ஊழியரோ, மூடும் தீர்மானம் எடுக்கப்பட்ட ஔரங்காபாத்திலும் வழக்காடலாம் என்று 2016-இல் தீர்ப்பாயிற்று.

இவ்விரண்டிலும் பெயர்ப்பலகை தொங்கிய கிளை ஒன்று இருந்தது. உத்திரமேரூர் முன்னறையைக் கிளை என்று எந்த முதலாளி ஒப்புவான்? ஐரோப்பிய ஒன்றியத்திலோ, வழக்கமாக வேலை செய்யும் இடத்தில் வழக்காடும் உரிமையைத் தகராறு எழுமுன் எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தால் பறிக்க முடியாது. நமக்கும் அதுவே நியாயமென்று எனக்குப் படுகிறது. ஆனால் அப்படியொரு சட்டம் இங்கே வரும்வரையில், பணியிடம் என்பதற்கு எதிரே கம்பெனி எந்த ஊரை எழுதியிருக்கிறது என்று பார்த்துக் கையெழுத்திடுவதும், வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதித்த கடிதத்தைப் பத்திரப்படுத்துவதுமே ஊழியருக்கு உள்ள உபாயம்.