மூன்றரை மில்லிமீட்டர் பரீட்சை!

உங்க ஆபீஸில் புதுசா யோசிக்கத் தெரிந்த ஆள் யார்? மீட்டிங்கில் அதிகம் பேசுபவரா? அவசரப்படாதீங்க சார்!

ஓசூர், அப்போது தருமபுரி மாவட்டம். உலகிலேயே மெல்லிசான, தண்ணீர் புகாத வாட்ச் வேண்டும் என்று தன் இன்ஜினீயர்களிடம் கேட்டார், டைட்டன் எம்.டி. செர்க்செஸ் தேசாய். சுவிஸ் நிபுணர்களே கைவிரித்த சமாசாரம்! நம்மவர்கள் ஃபைலை மூடவில்லை. வருஷக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். 2002-ல் பிறந்தது 'எட்ஜ்'. உள்ளே இருக்கும் இயந்திரம் 1.15 மில்லிமீட்டர், வாட்ச்சின் மொத்தத் தடிமனே 3.5தான்!

இந்தத் திறமையை அளக்க மார்க் ஷீட் உதவாது. ஒரு கஷ்டமான வேலையைக் கொடுத்துப் பாருங்கள். 'ஆகாது' என்பதற்குக் காரணம் அடுக்குபவர் ஒரு ரகம். 'எங்கே இடிக்குதுன்னு பார்க்கிறேன், ரெண்டு நாள் டைம் கொடுங்க' என்பவர் இன்னொரு ரகம். இவர்தான் ஆள்! முதல் தடவை சொதப்பினால் மெமோ நீட்டிடாதீங்க... அப்புறம் யாருமே முயற்சி செய்ய மாட்டார்கள்!