ஏழு தடங்களும் ஒன்றாக அறுந்தது ஏன்?

பத்து ஊர்களில் பத்துக் கணிப்பொறிகள் இருப்பதாகக் கொள்வோம். அவற்றைப் பிணைக்கக் குறைந்தது எத்தனை தடங்கள் வேண்டும்? ஒன்பது போதும். எவ்வூரையும் விடாமல் மிகக் குறைந்த செலவில் இணைப்பது எவ்வாறு என்னும் கணக்கை, செக் நாட்டுக் கணித அறிஞர் ஒட்டாகர் பொரூவ்கா 1926-ஆம் ஆண்டிலேயே தீர்த்துவைத்தார். மொராவியாப் பகுதிக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் முயற்சியில் எழுந்த கணக்கு அது.

இவ்வமைப்பு மரக்கிளைகளைப் போன்றது. எந்தத் தடம் அறுந்தாலும் வலை இரு துண்டாகிவிடும். ஒவ்வோர் ஊரையும் மற்ற எல்லா ஊர்களுடனும் நேராக இணைத்தால் இக்குறை தீரும். ஆனால் அதற்கு 45 தடங்கள் தேவை. அவ்வளவு பணத்திற்கு எங்கே போவது?

இடைவழி ஒன்று உண்டு. ஊர்களை வளையமாக இணைத்தால் பத்துத் தடங்களே போதும். ஓரிடத்தில் அறுந்தால், செய்தி மறுபுறமாகச் சுற்றிச் சென்று சேரும். ராண்ட் நிறுவன ஆய்வாளர் பால் பேரன் 1964-இல் வெளியிட்ட ஆய்வில், இன்றியமையாத அளவைப்போல் மூன்று நான்கு மடங்கு தடங்கள் இருந்தாலே வலை பெருஞ்சேதத்தையும் தாங்கும் என்று காட்டினார். விலையுயர்ந்த தடங்களும் வேண்டியதில்லை. மலிவானவையே போதும் என்றார்.

அது எப்படி? ஒரு தடம் நூறு மணி நேரத்தில் ஒரு மணி நேரம் பழுதாகும் எனில், ஆண்டுக்குச் சுமார் 88 மணி நேரம் தொடர்பு இராது. ஒன்றையொன்று சாராத இரு தடங்கள் இருந்தால், இரண்டும் ஒருசேரப் பழுதாகும் நேரம் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். அதாவது ஆண்டுக்கு ஒரு மணிக்கும் குறைவு!

இக்கணக்கின் உயிர்நாடி ‘ஒன்றையொன்று சாராத’ என்னும் சொற்களே. 1986 டிசம்பர் 12 அன்று, அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் வலையிலிருந்து நியூ இங்கிலாந்துப் பகுதி முழுவதும் துண்டிக்கப்பட்டது. அப்பகுதிக்கு ஏழு தடங்கள் இருந்தன. ஆனால் நியூவார்க்கிற்கும் ஒயிட் பிளெய்ன்சிற்கும் இடையே ஏழும் ஒரே கண்ணாடியிழைக் கேபிளுக்குள் சென்றன. அந்தக் கேபிள் அறுந்தது, ஏழும் போயின.

ஆகவே, சிறு தொகையில் வலை அமைப்போர் இரண்டாவது தடம் வாங்குமுன் அது செல்லும் வழியைப் பார்க்க வேண்டும். ஒரே பள்ளம், ஒரே கம்பம், ஒரே மின்னிணைப்பு ஆகியவற்றை இரண்டும் நம்பியிருந்தால், இரண்டுக்குப் பணம் கொடுத்து ஒன்றையே வாங்கியதாகும்.