லேபிள் மட்டும் போதாது, குச்சியும் பற்றணும்! - பட்டாசு ஊர் மாணவர்களும் டிஜிட்டல் பேட்ஜும்

சிவகாசிக்கு லேபிளைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அச்சடிக்கப்போய்தான் அந்த ஊரில் அச்சுத்தொழிலே வளர்ந்தது. ஆனால், லேபிள் எவ்வளவு அழகாக இருந்தாலும், உரசினால் குச்சி பற்ற வேண்டும். பற்றாவிட்டால், அடுத்த முறை அந்தப் பெட்டியை யாரும் வாங்க மாட்டார்கள்.

இப்போது அந்த ஊர்க் கல்லூரிப் பிள்ளைகளின் கைக்கும் ஒரு லேபிள் வருகிறது. அதன் பெயர் டிஜிட்டல் பேட்ஜ். 'இந்த மாணவிக்கு இந்த வேலை தெரியும்' என்று சொல்லும் இணைய முத்திரை. கேள்வி அதேதான்... உரசினால் பற்றுமா?

'பயர் ஆபீஸ் எங்களோடு போகட்டும்'

விருதுநகர் மாவட்டத்தில் பட்டாசு ஆலையை 'பயர் ஆபீஸ்' என்றுதான் சொல்வார்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்ததை இந்தப் பகுதி மறக்கவில்லை. 2018-ல் சரவெடிக்கும் பேரியம் கலந்த பட்டாசுகளுக்கும் உச்ச நீதிமன்றம் தடை விதித்தபிறகு, வேலை நிரந்தரம் என்ற நம்பிக்கையும் ஆட்டம் கண்டது. 'இந்த வேலை எங்களோடு போகட்டும், பிள்ளைகள் படிக்கட்டும்' என்று பெற்றோர் நினைப்பதற்குக் காரணங்கள் இவைதான்.

படிப்பதற்கு இடமும் இருக்கிறது. விருதுநகரில் 1947-ல் தொடங்கிய செந்திக்குமார நாடார் கல்லூரி, சிவகாசியில் 1963-ல் வந்த அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி, 1968-ல் வந்த ஸ்டாண்டர்டு ஃபயர்ஒர்க்ஸ் ராஜரத்தினம் மகளிர் கல்லூரி, 1984-ல் வந்த மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரி எனத் தொழிலும் கல்வியும் கைகோத்து வளர்ந்த மண் இது. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-ல் வந்தபிறகு, கல்லூரிக் கனவு இன்னும் பல வீடுகளுக்கு எட்டியது.

ஆனால், பட்டம் வாங்கிய பிறகுதான் அந்தக் கேள்வி வருகிறது. நேர்காணலில், "டிகிரி சரிம்மா, உனக்கு என்ன செய்யத் தெரியும்?" என்று கேட்பார்கள். குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு, இதற்குப் பதில் சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லை.

பேட்ஜுக்குள் என்ன இருக்கிறது?

இந்த இடைவெளியை நிரப்பத்தான் தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1 அன்று 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் இதை நடத்துகிறது. கல்லூரிப் பாடத்தோடு சேர்த்து, நிறுவனங்களின் துணையோடு திறன் பயிற்சிகள் தரப்படுகின்றன. இணையவழிப் பயிற்சிகள் நடத்தும் ஐபிஎம் போன்ற நிறுவனங்கள், முடித்தவர்களுக்கு டிஜிட்டல் பேட்ஜ் தருகின்றன.

பார்ப்பதற்கு அது ஒரு சின்னப் படம்தான். ஆனால், யார் கொடுத்தது, யாருக்கு, எந்தத் தேதியில், என்ன செய்து காட்டியதற்காக என்ற விவரங்கள் அதற்குள்ளேயே பதிந்திருக்கும். வேலை கொடுப்பவர் அதைச் சொடுக்கினால் எல்லாம் தெரியும். ஜெராக்ஸ் சான்றிதழைப்போல பெயரை மாற்றி ஒட்ட முடியாது. இதற்கான பொது வடிவத்தை 'ஓப்பன் பேட்ஜஸ்' என்ற பெயரில் 2011-ல் முன்வைத்தது, ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைத் தரும் மொசில்லா அமைப்பு.

பிரச்னை எங்கே என்றால், எல்லா பேட்ஜும் ஒன்றல்ல. வீடியோவை ஓடவிட்டு முடித்தாலே கிடைப்பதும் உண்டு, தேர்வு எழுதி, புராஜெக்ட் செய்து காட்டினால் மட்டுமே கிடைப்பதும் உண்டு. ரெஸ்யூமில் 20 பேட்ஜ்களை அடுக்கிவிட்டு, அதில் ஒன்றைப் பற்றி இரண்டு நிமிடம் பேச முடியாமல் திணறினால், அத்தனையும் வெறும் லேபிள்தான்.

கணக்கில் வராத திறமைகள்

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அமெரிக்காவில் கல்லூரிகளும் நிறுவனங்களும் சேர்ந்த 'நேஸ்' என்ற சங்கம், வேலைக்குத் தயாராக இருப்பதற்கு 8 திறன்களைப் பட்டியலிடுகிறது. பேச்சுத்திறன், குழுவாக வேலை செய்வது, பொறுப்பு, சிந்தித்து முடிவெடுப்பது ஆகியவை அதில் உண்டு.

சிவகாசி வட்டாரத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இவை புதிதா என்ன? விடுமுறையில் பிரஸ்ஸில் நின்று கலர் சரிபார்த்தது, மாமாவின் பட்டாசுக் கடைக்கு பில் போட்டது, தீபாவளி நேரத்தில் வெளியூர் வியாபாரியிடம் பேசி ஆர்டர் எடுத்தது எல்லாமே வேலைத்திறன்தான். ஆனால், 'இதெல்லாம் ஒரு தகுதியா?' என்று கூச்சப்பட்டு, நேர்காணலில் அதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

1922-ல் சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்குப் போய் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள் அய்ய நாடாரும் சண்முக நாடாரும். அவர்கள் கற்றதற்குச் சாட்சி, ஊருக்கு வந்து செய்துகாட்டிய தொழில்தான். வேலையில் கற்ற திறனைச் சோதித்துச் சான்றிதழ் தரும் ஏற்பாடு இன்று மத்திய அரசின் திறன் திட்டத்திலேயே இருக்கிறது. கல்லூரிகளும் இப்படிப்பட்ட உள்ளூர் அனுபவத்தைச் சோதித்து பேட்ஜ் கொடுக்கத் தொடங்கினால், பயர் ஆபீஸ் தொழிலாளியின் மகள் வெறுங்கையோடு நேர்காணலுக்குப் போக வேண்டியிருக்காது.

மாணவர்கள் கவனிக்க...

* சேரும் முன் பாருங்கள்: கொடுப்பது யார்? தேர்வோ புராஜெக்டோ உண்டா? சொடுக்கினால் விவரம் திறக்கிறதா?

* போக விரும்பும் வேலைக்குப் பொருத்தமான இரண்டு, மூன்று பேட்ஜ்கள் போதும்.

* ஒவ்வொரு பேட்ஜுக்கும், நீங்கள் செய்த ஒரு வேலையை ஆதாரமாக வைத்திருங்கள். அதை ஐந்து வரியில் தமிழிலும் ஆங்கிலத்திலும் சொல்லிப் பழகுங்கள்.

* 'பணம் கட்டினால் பேட்ஜ், வேலை உறுதி' என்று யாராவது சொன்னால் விலகி நில்லுங்கள். முதலில் கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவில் விசாரியுங்கள்.

பெற்றோரும் ஒன்று செய்யலாம். "எத்தனை சர்ட்டிஃபிகேட் வாங்கினே?" என்று கேட்பதற்குப் பதிலாக, "என்ன கத்துக்கிட்டே, எனக்குச் செஞ்சு காட்டு" என்று கேட்டுப் பாருங்கள். அம்மாவுக்குப் புரியும்படி செய்துகாட்டத் தெரிந்த பிள்ளை, எந்த நேர்காணலிலும் பயப்படாது.