ஆரஞ்சுக் கேபிளும் மஞ்சள் கேபிளும்

2000-ஐ ஒட்டிக் கட்டிய கல்லூரி, ஆஸ்பத்திரி, நூற்பாலை எதிலாவது சர்வர் ரூமின் ஃபால்ஸ் சீலிங்கைத் தூக்கிப் பாருங்கள். பெரும்பாலும் ஆரஞ்சு நிற ஃபைபர் கேபிள் ஒன்று தூசி மூடிக் கிடக்கும். மல்டி மோடு, ஒளி ஓடுகிற மையத்தின் குறுக்களவு 62.5 மைக்ரான். அதைப் போட்டவரை அன்று யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அதற்காக ஸ்விட்சில் செருகும், மின்குறியை ஒளியாக்கும் எஸ்எக்ஸ் மாட்யூல் 850 நானோமீட்டர் ஒளியில் வேலை செய்வது, உள்ளே இருக்கும் லேசரும் மலிவு. மஞ்சள் கேபிளான சிங்கிள் மோடில் மையம் 9 மைக்ரான்தான். அதற்குள் ஒளியைக் குறி பார்த்துச் செலுத்தும் எல்எக்ஸ் மாட்யூலின் விலையைக் கேட்டதும் நிர்வாகம் கொட்டேஷனைத் திருப்பி அனுப்பிவிடும். சிங்கிள் மோடு டெலிபோன் இலாகாக்காரர் சமாச்சாரம், நமக்கு எதற்கு என்பார்கள். நொடிக்கு ஒரு கிகாபிட், அதாவது 1ஜி வேகத்துக்கு ஆரஞ்சுக் கேபிள் 275 மீட்டர் வரை தாங்கியது. ஒரு பிளாக்கிலிருந்து அடுத்த பிளாக்குக்கு அது தாராளம்.

மாட்யூலைத் தேர்ந்தெடுப்பது என்று அன்று தனி வேலையே கிடையாது. 1990-களின் நடுவில் வந்த ஜிபிக், தீப்பெட்டியை நீட்டிவிட்டது போல இருக்கும். சதுர மூக்கு வைத்த எஸ்சி கனெக்டர் அதில் செருகும். ஸ்விட்ச் ஓடிக்கொண்டிருக்கும்போதே கழற்றி மாட்டலாம் என்பதே அன்று பெரிய விஷயம். ஸ்விட்ச் வாங்கும் அதே பில்லில், அதே கம்பெனி பெயரில் அதுவும் வரும். விற்பவர் கேட்பது ஒரே கேள்விதான்: "எவ்வளவு தூரம் சார்?" பதிலைச் சொன்னால் எஸ்எக்ஸ், எல்எக்ஸ் இரண்டில் ஒன்று வந்து சேரும். 2000-ல், ஜிபிக்கைவிடச் சிறிய எஸ்எஃப்பி மாட்யூலுக்கான பொது ஒப்பந்தம் கையெழுத்தானது. அகலம் 13.4 மில்லிமீட்டர், கனெக்டரும் குட்டி எல்சி ஆனது. ஆனாலும் கேள்வி மாறவில்லை.

கேள்வி மாறியது 10ஜி வந்த பிறகு. எஸ்எஃப்பி பிளஸ் மாட்யூலும் அதே அளவு, அதே எல்சி வாய். பழைய ஆரஞ்சுக் கேபிளிலேயே மல்டி மோடுக்கான எஸ்ஆர் மாட்யூலைச் செருகிப் பார்த்தவர்களுக்குக் காத்திருந்தது 33 மீட்டர். 275 எங்கே, 33 எங்கே! அகலமான மையத்தில் ஒளி பல வழிகளில் ஓடி, முன்னும் பின்னுமாகப் போய்ச் சேருகிறது. வேகம் கூடக் கூட ஒரு துடிப்பு அடுத்ததன் மேல் ஏறிவிடும். கண்ணாடியை மெருகேற்றி ஓஎம்3, ஓஎம்4 என்று நீலப்பச்சை நிறத்தில் புதுக் கேபிள்கள் வந்தன. 10ஜி-யில் 300, 400 மீட்டர் வரை போகும். 100ஜி-க்குத் தாண்டினால் எஸ்ஆர்4 மாட்யூல் ஓஎம்4-லும் 100 மீட்டரில் நின்றுவிடுகிறது. போதாததற்கு இரண்டு இழை இருந்த இடத்தில் எட்டு இழை கேட்கிறது. எல்ஆர்எம் என்று ஒரு மாட்யூல் வந்து பழைய ஆரஞ்சுக் கேபிளில் 220 மீட்டர் வரை 10ஜி-யை இழுத்துக்கொண்டு போனது உண்மை. ஆனால் அதை ஏற்காத ஸ்விட்சுகள் பல. வாங்குமுன் பட்டியலைப் பார்த்தே ஆக வேண்டும்.

மஞ்சள் கேபிளின் கதை வேறு. அன்று துணிந்து சிங்கிள் மோடு போட்ட இடங்களில் மண்ணைத் தோண்டவில்லை, சீலிங்கைப் பிரிக்கவில்லை. அதே ஜோடி இழையில் 1ஜி போய் 10ஜி வந்தது. இரு முனையிலும் எல்ஆர்4 மாட்யூல் வைத்தால் 100ஜி-யும் 10 கிலோமீட்டர் ஓடும். 10ஜி எஸ்ஆருக்கும் சிங்கிள் மோடுக்கான எல்ஆருக்கும் இடையே அன்றைய விலை வித்தியாசமும் பெரிதும் கரைந்துவிட்டது. எனவே, கட்டிடத்துக்குக் கட்டிடம் புதிதாகக் கேபிள் இழுக்கிறவர் இன்று மல்டி மோடு கேட்டால் நான் காரணம் கேட்பேன். ரேக்குக்குள் சிக்கனம் என்பார்கள். ஒரே ரேக் என்றால் மாட்யூலே வேண்டாம். இரு முனையும் சேர்ந்தே வரும் டிஏசி செப்புக் கேபிள் இன்னும் மலிவு.

அடுத்த மாற்றம் மாட்யூலின் வயிற்றுக்குள் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஒரு சிறு நினைவகச் சிப் உண்டு. தயாரிப்பாளர் பெயர், வரிசை எண், அலைநீளம் எல்லாம் அதில் எழுதியிருக்கும். மாட்டியவுடன் ஸ்விட்ச் முதலில் படிப்பது அதைத்தான். தன் கம்பெனிக் குறியீடு இல்லையென்றால் போர்ட்டை அடைத்துவிடுகிற ஸ்விட்சுகள் பல. சிஸ்கோவில் அதைத் திறக்க 'சர்வீஸ் அன்சப்போர்ட்டட்-ட்ரான்ஸீவர்' என்று ஒரு கட்டளை உண்டு. உதவிப் பட்டியலில் தேடினால் கிடைக்காது, தெரிந்தவர் சொல்லித்தான் தெரியும். அன்று அந்தப் பூட்டுக்குப் பயந்து பல மடங்கு விலை கொடுத்தார்கள். இன்று எந்தக் கம்பெனி ஸ்விட்சுக்கு வேண்டும் என்று சொன்னால் அந்தக் குறியீட்டையே எழுதித் தருகிறார்கள். குறியீடு எழுதும் பெட்டியைக் கைவசம் வைத்திருக்கும் வியாபாரிகளும் உண்டு. ஸ்விட்ச் கம்பெனிகள் பெரும்பாலும் லேசரைத் தாங்களே செய்வதும் இல்லை, பெயர்தான் அவர்களுடையது. ஜிபிக் காலத்திலிருந்து இந்தத் துறையில் பெரிய பெயரான ஃபினிசாரை 2019-ல் டூ-சிக்ஸ் கம்பெனி வாங்கிக்கொண்டது, அது இன்று கோஹிரென்ட். பெரிய உற்பத்தி சீனாவின் சூஜோ, வுஹான் பக்கம் போய்விட்டது.

கம்பெனிக்காரர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. லிங்க் விழுந்து அவர்களுடைய உதவி மையத்தைக் கூப்பிட்டால் 'முதலில் எங்கள் மாட்யூலைப் போடுங்கள்' என்பார்கள். கோர் ஸ்விட்சுக்கு மட்டும் அசல் மாட்யூல் இரண்டை வாங்கி வைத்தால் அந்த வாக்குவாதம் நடக்காது. மற்ற இடங்களில் அசலுக்குக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் பெயருக்குத்தான் என்பது என் கணக்கு.

அன்று ஒளி வருகிறதா என்று பார்க்க பவர் மீட்டரோடு ஆள் வர வேண்டும். "லைட் வருது சார், லிங்க்தான் வரலை" என்று போனில் சொல்வார், அதற்கு மேல் விவரம் இருக்காது. இன்று மாட்யூலே தன் வெப்பம், மின்னழுத்தம், லேசர் மின்னோட்டம், அனுப்பும் ஒளி, வாங்கும் ஒளி என்று ஐந்து அளவுகளைச் சொல்கிறது. இதற்குப் பெயர் டிடிஎம். இரண்டு கிலோமீட்டர் தூரத்து 10ஜி எல்ஆர் லிங்க் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எதிர்முனை மைனஸ் 2 டிபிஎம் (ஒளித்திறனின் அலகு) அனுப்புகிறது. இழையில் கிலோமீட்டருக்கு 0.35 டெசிபல் போகும், கனெக்டர்களுக்கு ஒன்று வையுங்கள். இந்தப் பக்கம் மைனஸ் 4-ஐச் சுற்றி வர வேண்டும். திரையில் மைனஸ் 13 என்று வந்தால் லிங்க் ஓடிக்கொண்டுதான் இருக்கும்; எல்லைக்கோடு மைனஸ் 14.4. முனையில் அழுக்கு இருக்கலாம். பேட்ச் கார்டைக் கழற்றி, பேனா மாதிரி இருக்கும் கிளீனரை எல்சி முனையில் வைத்து 'க்ளிக்' கேட்கும்வரை அழுத்துங்கள். மறுபடி செருகினால் பல நேரம் எண் மைனஸ் 4-க்கு வந்துவிடும். மாட்யூலை மாற்றச் சொல்லி வாடிக்கையாளர் எழுதியிருந்த கடிதம் அத்தோடு கிழிக்கப்படும்.

தூரம் அதிகம் போகிறதுதான் நல்ல மாட்யூல் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 40 கிலோமீட்டருக்கான இஆர் மாட்யூலை இரண்டு கிலோமீட்டரில் போட்டால் வாங்கும் பக்கம் திணறும், நடுவில் ஒளியைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் வைத்தாக வேண்டும். வெப்பமும் புதுத் தொல்லை. எஸ்எஃப்பி பிளஸ் வாயில் செருகும் 10ஜி செப்பு மாட்யூல் 30 மீட்டர்தான் போகும், ஆனால் 2.5 வாட் வரை எடுத்துச் சுடும். பக்கத்துப் போர்ட்டைக் காலியாக விடச் சொல்லும் கம்பெனிகளும் உண்டு. இன்னொன்று, செப்பு லேன் கேபிளைப் போல ஃபைபர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளாது. ஒரு முனையில் 10ஜி, மறுமுனையில் 1ஜி என்றால் லிங்க் வரவே வராது. 25ஜி-யில் பிழை திருத்தும் எஃப்இசி அமைப்பும் இரு முனையிலும் பொருந்த வேண்டும்.

நாலு இழைக் கேபிளில் மூன்று அறுந்து, மீண்டும் தோண்ட அனுமதி கிடைக்காத இடங்களில் பைடை மாட்யூல் கைகொடுக்கிறது. ஒரே இழையில் போவது 1310, வருவது 1490 நானோமீட்டர். எதிர்முனையில் இது தலைகீழ். இரண்டு பக்கமும் ஒரே வகையை மாட்டினால் இரண்டும் ஒரே அலைநீளத்தில் பேசும், ஒன்றுக்கும் காது கேட்காது. அதனால் ஸ்பேர் என்று ஒன்றை மட்டும் வாங்கி அலமாரியில் வைத்தால் பாதி நேரம் உதவாது. இரண்டு வகையும் வேண்டும். எது எந்தக் கட்டிடத்து முனை என்று பெட்டியின் மேலேயே மார்க்கரில் எழுதி வைக்க வேண்டும்.